காணிப் பழங்குடிகள் குத்தகைக்கு வந்தவர்கள் இல்லை

நெல்லை மலையில் வாழும் காணிப் பழங்குடிகளைப் பற்றி ஓர் அண்ணாச்சி தன் பதிவில், "மாஞ்சோலை மாதிரிதான் காரையார் காணிகளும், புலிகள் காப்பகத்துக்குள் யாருக்கும் உரிமை கிடையாது, சுற்றுலாவுக்கு வழிவிட்டு இறங்கட்டும்" என்று எழுதியிருக்கிறார். இது தப்பு அண்ணாச்சி.

மாஞ்சோலை, சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் தேயிலைக் கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த இடம். தொழிலாளர்கள் வேலைக்காக மேலே போனவர்கள். அவர்கள் வலி தனி. காணிகள் மலையின் பழங்குடிகள். அவர்கள் இருக்கும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமானதே 1988-இல்தான்.

2006 வன உரிமைச் சட்டம் காப்பகங்களுக்கும் பொருந்தும். உரிமை கோரியவர்களின் மனுவை விசாரித்து முடிக்காமல் யாரையும் வெளியேற்றக் கூடாது என்று அதன் 4(5) பிரிவு சொல்கிறது. 75 ஆண்டு வசித்த கணக்கு பழங்குடி அல்லாத வனவாசிகளிடம்தான் கேட்கப்படும். பட்டியல் பழங்குடிக்கு 2005 டிசம்பர் 13-க்கு முன் அங்கே இருந்தால் போதும். பட்டா கேட்டு மிரட்டவும் முடியாது. பழைய கிணறு, இடுகாடு, சாமி இடம், பெரியவர் சொல்லி எழுதிய வாக்குமூலம் எல்லாமே விதிப்படி சான்றுதான்.

ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்தையனார் கோவிலில் குடில் போட்டுத் தங்குகிறோமே, அந்தக் காடு காணிகளுக்கு வீடு. தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.