வயது கடந்தால் பத்தாம் வகுப்பு எழுத முடியாதா?

'25 வயதைத் தாண்டியவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத முடியாது; பணம் கட்டினால் தேர்வே எழுதாமல் சான்றிதழ் பெற்றுத் தருகிறோம்' என்று சென்னை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவலின் இரு பகுதிகளுமே தவறானவை.

தமிழக அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைப் பள்ளியில் சேராமலே தனித்தேர்வராக எழுதலாம்; அதற்கு உச்ச வயது வரம்பு கிடையாது. நேரடியாக முதன்முறை எழுதுவோர் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கும் பதிவு செய்ய வேண்டும் என்பதைப் பலர் கவனிக்கத் தவறி, கடைசி நேரத்தில் அல்லாடுகிறார்கள்.

மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்பில் சேர 14 வயது நிரம்பியிருந்தால் போதும். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாதவர், பத்தாம் வகுப்பைத் தொடரும் அளவுக்குப் படித்திருப்பதாகத் தாமே எழுதித் தரும் உறுதிமொழியும் ஏற்கப்படுகிறது. பதிவு 5 ஆண்டுகள் செல்லும். அதற்குள் 9 பொதுத்தேர்வு வாய்ப்புகள் உண்டு என்பதால், வேலைக்குப் போய்க்கொண்டே இந்த முறை இரண்டு பாடம், அடுத்த முறை ஒன்று என்று முடிக்கலாம், தேர்ச்சி பெற்ற பாடத்தை மீண்டும் எழுத வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம்.

எந்த வழியிலும் தேர்வு எழுதாமல் சான்றிதழ் கிடையாது. அப்படித் தரப்படுவது போலி; அதை வேலைக்குக் கொடுப்பவர் மீதே வழக்குப் பாயும்.