தாடிக்காரர்களும் அடகுக் கடையும்

சில வருஷங்களுக்கு முன் ஆபீஸ் வேலையாக வார்சாவில் ரெண்டு வாரம் தங்கியிருந்தேன். தெருமுனையில் ஒரு கடை. கண்ணாடிக்குப் பின்னால் பழைய செல்போன்கள், கைக்கடிகாரங்கள், ஒரு ட்ரில்லிங் மெஷின், கம்பி அறுந்த கிடார் ஒன்று. மேலே மஞ்சள் எழுத்தில் 'லொம்பார்ட்'. முதலாளி பேராக இருக்கும் என்று நினைத்தேன். நாலு தெரு தள்ளி இன்னொரு லொம்பார்ட். மூன்றாவதையும் பார்த்த பிறகுதான் கூட வேலை பார்த்தவரிடம் கேட்டேன். "அடகுக் கடை" என்றார். ரஷ்ய மொழியிலும் அதே சொல்தானாம். நம் ஊரில் சேட்டுக் கடை என்கிறோமே, அந்தச் சேட்டு எந்த ஊர்க்காரர் என்று யார் யோசிக்கிறோம்?

ஆனால் லொம்பார்டுகள் என்று நிஜமாகவே ஒரு ஜெர்மானிய ஜனம் இருந்தது. பேர் வந்த கதையை அவர்களே சொல்லிக்கொண்டது இப்படி. அப்போது அவர்கள் வின்னிலி. வாண்டல்கள் என்ற இன்னொரு கூட்டத்தோடு சண்டை மூளப்போகிறது. "விடியும்போது யார் என் கண்ணில் முதலில் படுகிறார்களோ அவர்களுக்கே வெற்றி" என்று சொல்லிவிட்டார் தெய்வம் கோடான். அவர் மனைவி ஃப்ரேயா வின்னிலி பெண்களிடம், கூந்தலை அவிழ்த்துத் தாடி மாதிரி முகத்தைச் சுற்றி விட்டுக்கொண்டு ஆண்களோடு வந்து நில்லுங்கள் என்றாள். விடிந்ததும் புருஷன் படுத்திருந்த கட்டிலைக் கிழக்குப் பக்கம் திருப்பிவிட்டு எழுப்பினாள். கண் விழித்தவர், "யார் இந்த லாங்கோபார்டுகள், நீளத் தாடிக்காரர்கள்?" என்றார். "பேர் வைத்துவிட்டீர்கள், வெற்றியையும் கொடுத்துவிடுங்கள்" என்றாள் அவள். பேர் சூட்டிய தாய்மாமனிடம் கையோடு சீரையும் கேட்டு வாங்குவது போல. எட்டாம் நூற்றாண்டில் இவர்கள் வரலாற்றை எழுதிய பாவுலுஸ் தியாகோனுஸ், தானும் ஒரு லொம்பார்டுதான், இதைச் சிரிப்புக்கிடமான கட்டுக்கதை என்கிறார். சொல்லிவிட்டு முழுக்கதையையும் எழுதியும் வைக்கிறார்! அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையில் இருந்த சின்னக் கூட்டம் மெல்ல நகர்ந்து இன்றைய ஹங்கேரிப் பக்கம் வந்து, 568-இல் அல்போயின் தலைமையில் இத்தாலிக்குள் இறங்கியது. மிலானுக்குப் பக்கத்து ஊரான பாவியா தலைநகரானது. 643-இல் ரோதாரி மன்னன் சட்டத்தைத் தொகுத்தான். அதில் பல்லுக்கும் விலை உண்டு. சிரித்தால் தெரிகிற பல்லை உடைத்தால் 16 பொற்காசு, கடைவாய்ப் பல் என்றால் 8. இவ்வளவையும் எழுதியது தங்கள் மொழியில் அல்ல, லத்தீனில். அவர்கள் பேச்சு கரைந்துபோய், கன்னத்துக்கு 'குவாஞ்சா', முதுகுக்கு 'ஸ்கியேனா' என்று இத்தாலியனில் கொஞ்சம் சொற்கள் மிஞ்சின. 774-இல் ஃபிராங்க் மன்னன் சார்லமேன் பாவியாவைப் பிடித்தான். அரசு போனது. பேர் மட்டும் லொம்பார்டி என்று மிலானைச் சுற்றிய நிலத்தில் ஒட்டிக்கொண்டது.

அப்புறம் அந்தப் பேர் காசு பக்கம் போனது. வட்டி வாங்குவது பாவம் என்று திருச்சபை சொன்ன காலத்தில் வட இத்தாலிய வியாபாரிகள் ஐரோப்பா முழுக்க அடகு பிடித்தார்கள். அவர்களில் பெரிய புள்ளிகள் பலர் ஆஸ்தி, கியேரி ஊர்க்காரர்கள். இன்றைய வரைபடத்தில் அது லொம்பார்டி இல்லை, பக்கத்துப் பிராந்தியமான பியட்மாண்ட். அதனால் என்ன, வெளியூர்க்காரனுக்கு எல்லாரும் லொம்பார்டுதான். லண்டனில் அவர்கள் இருந்த தெரு இன்றும் லொம்பார்ட் தெரு. பின்னால் பெரிய இன்ஷூரன்ஸ் சந்தையாக வளர்ந்த லாயிட்ஸ் காப்பிக்கடை 1691-இல் அங்கேதான் இடம் மாறி வந்தது. ஜெர்மனியின் மத்திய வங்கி, பத்திரங்களை ஈடு வாங்கிக்கொண்டு மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுத்த வட்டிக்கு, யூரோ வரும்வரை 'லொம்பார்ட் விகிதம்' என்றே பேர். தாடியில் தொடங்கியது வட்டியில் வந்து நிற்கிறது.

இதுவரை வேடிக்கை. எனக்கு எரிச்சல் வருவது அரசியலில்தான். 1167-இல் வட இத்தாலிய நகரங்கள் லொம்பார்டு கூட்டணி அமைத்து, 1176-இல் லென்யானோவில் ஜெர்மானியப் பேரரசன் பார்பரோசாவைத் தோற்கடித்தன. ஜெர்மானியப் பேரை வைத்துக்கொண்டு ஜெர்மானியனை விரட்டிய கதை. பார்பரோசா என்றால் செந்தாடி, அது வேறு! 1984-இல் உம்பெர்த்தோ போசி அந்தக் கூட்டணியின் பேரையே எடுத்து 'லேகா லொம்பார்தா' என்று கட்சி தொடங்கினார். ரோம் திருட்டு ரோம், தெற்கத்தியான் நம் உழைப்பில் சாப்பிடுகிறான் என்பதுதான் பிரசாரம். பிறகு வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறுகிறவர்கள் மேலும் அது பாய்ந்தது.

வரி எங்கே போகிறது என்று ஒரு பிராந்தியம் கணக்குக் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் அதற்கு இந்தப் பேரா? பெண்டுபிள்ளைகள், வண்டி, மாடு எல்லாவற்றோடும் மலை தாண்டி வந்து குடியேறியவர்களின் பேர் அது. தெற்கத்தியானைத் திட்டுவதற்கு இன்னும் பொருந்தாது. மிலான் பக்கத்தில் லொம்பார்டு ஆட்சி 206 வருஷத்தில் முடிந்துவிட்டது. நேப்பிள்ஸுக்குப் பக்கத்திலிருக்கும் பெனவென்டோவிலும் சலேர்னோவிலும் லொம்பார்டு பிரபுக்கள் அதற்குப் பிறகும் 300 வருஷம், 1077 வரை ஆண்டார்கள்.

லொம்பார்டுகள் விட்டுப்போன ஏழு இடங்களை 2011-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்றைய லொம்பார்டியில் இருப்பவை ரெண்டே ரெண்டு. தெற்கிலும் ரெண்டு. அதில் மோந்தே சாந்த் ஆஞ்செலோ, இத்தாலியின் குதிகாலுக்கு மேலே புடைத்துக்கொண்டிருக்கும் மலையில், புலியாவில் இருக்கிறது. அங்கே மிக்கேல் சம்மனசு என்ற தேவதூதரின் குகைக்கோயிலில், யாத்திரை வந்த லொம்பார்டுகள் கல்லில் கீறிவிட்டுப் போன பேர்கள் இன்னும் இருக்கின்றன.