கண்ணை மூடிய ஆந்தை

நேற்று ஸ்டேட்டஸில் எங்கள் தெருப் புள்ளி ஆந்தையின் படம் ஒன்று வைத்திருந்தேன். கண் இரண்டும் வெறும் கோடு. நெஞ்சு இறகெல்லாம் உப்பி, ஒரு காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு காலை வெயிலில் உட்கார்ந்திருந்தது. "என்ன சார், தூங்குது? முழிச்ச போட்டோ இல்லையா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இருக்கிறது. நூற்றுக்கு மேல் இருக்கிறது. அவற்றை ஏன் வெளியே எடுப்பதில்லை என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருமுனையில் பழைய புளியமரம் ஒன்று. எப்போதோ பெரிய கிளை ஒடிந்த இடத்தில் பொந்து. அதில்தான் இந்த ஜோடி. மைனா உயரம்தான், ஆனால் குண்டு. முதலில் நான் பார்த்தது ஆந்தையை அல்ல, மரத்தடியில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி எச்சமும், பக்கத்தில் விரல் நுனி அளவு கருப்பு உருண்டைகளும். செரிக்காததை இப்படி உருட்டிக் கக்கிவிடும். ஒன்றைக் குச்சியால் பிரித்துப் பார்த்தால் வண்டின் பளபள ஓடு, பூச்சிக் கால்கள், அரிசி மணி அளவில் ஒரு சுண்டெலித் தாடை. மரத்துக்கு எதிரே இட்லிக்கடை போட்டிருக்கும் அக்கா, "அது சாக்குருவி சார், அது கக்குனத போயி நோண்டுறீங்களே" என்று முகத்தைச் சுளித்தார்.

முதல் வருஷம் எனக்கு ஒன்றும் தெரியாது. மரத்தடிக்கே போய் கேமராவை நீட்டுவேன். அது நிமிர்ந்து, உடம்பை ஒல்லியாக்கி, தலையை மேலும் கீழும் ஆட்டி, மஞ்சள் கண்ணை வட்டமாக விரித்து என்னையே முறைக்கும். ஏதோ வணக்கம் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டேன்! படங்களும் அட்டகாசமாக வந்தன, லைக்கும் குவிந்தது. ஆந்தையால் நம்மைப் போல் கண்ணை உருட்டிப் பார்க்க முடியாது. கண் குழியில் பொருத்தி வைத்ததுபோல் அசையாமல் இருக்கும். அதனால்தான் தலையை 270 டிகிரி வரை திருப்புகிறது, ஆட்டி ஆட்டித் தூரத்தைக் கணக்குப் போடுகிறது. அதாவது, நான் எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டேன் என்று அளந்துகொண்டிருந்தது. எனக்கு லைக் வாங்கிக் கொடுத்த அந்த முழி, பயந்த முழி.

ஒரு ஜனவரி மாதம், காலை பதினொரு மணி இருக்கும், பொந்தை விட்டு அது வெளியே வரவில்லை. பொறுமை இல்லாமல் ஒரு குச்சியால் அடிமரத்தைத் தட்டினேன். விருட்டென்று வெளியே பாய்ந்தது. எங்கிருந்துதான் வந்தனவோ, ஐந்தாறு காக்கைகள். மைனாவும் அணிலும் சேர்ந்து கூச்சல். இரண்டு வீடு தாண்டி ஒரு வேம்புக்குள் துரத்திவிட்டன. பகலில் கூகையை, அதாவது ஆந்தையை, காக்கை வென்றுவிடும் என்று வள்ளுவர் காலமறிதலில் சொல்வதைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவன்தான் நான். அன்றைக்கு அந்தக் காக்கைகளுக்கு ஆள்காட்டி வேலை பார்த்தது நான்தான். எங்கள் பக்கம் இந்த ஆந்தைகள் முட்டையிடும் பருவம் அது. அந்த வருஷம் அந்தப் பொந்திலிருந்து குஞ்சு எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. நான் தட்டியதால்தானா என்று கேட்டால், நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தக் குச்சி இன்னும் கையில் இருப்பது போலத்தான் இருக்கிறது.

அப்புறம்தான் வழிக்கு வந்தேன். இப்போது மொட்டைமாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். மரம் இருபத்தைந்து மீட்டராவது தள்ளி இருக்கும். என் நிக்கான் பி900-இல் 83 மடங்கு ஜூம் இருக்கிறது, நடந்து போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. கண் கோடாக இருந்தால் நான் அங்கே இல்லாத மாதிரிதான். ஒரு கண் லேசாகத் திறந்தால் கவனித்துவிட்டது, அசையாமல் இருக்க வேண்டும். உடம்பு ஒல்லியானால் எழுந்து உள்ளே போய்விடுவேன். சாயங்காலம் ஆறு மணி தாண்டியதும் ஒன்று வெளியே வந்து, ஒரு பக்கச் சிறகையும் அதே பக்கக் காலையும் சேர்த்து நீட்டிச் சோம்பல் முறிக்கும். பிறகு தெருவிளக்குக் கம்பத்துக்குப் போய்ப் பூச்சி பிடிக்கும். அந்த வெளிச்சத்தில் கேமராவின் ஒளியுணர்வு, அதாவது ஐஎஸ்ஓ, ஏறிப் படம் புள்ளி புள்ளியாகத்தான் வரும். வரட்டும். புள்ளி ஆந்தைதானே.

ஃபிளாஷ் அடிப்பவர்களிடம் எனக்கு வாதமே இல்லை. இருட்டில் வேட்டைக்குப் புறப்படுகிறவன் முகத்தில் டார்ச் அடிப்பது போலத்தான் அது. ஆனால் ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஆந்தைக் குரலைப் போட்டு வரவழைக்கிறார்களே, அது எனக்குத் தாங்கவில்லை. தன் எல்லைக்குள் வேறொருவன் நுழைந்துவிட்டான் என்று அது பதறி வருகிறது, நாம் படம் எடுக்கிறோம். நற்றிணையில் ஒரு தோழி கூகையிடம் கெஞ்சுகிறாள்: ஆட்டுக்கறிச் சோறும் சுட்ட வெள்ளெலியும் தருகிறோம், தலைவன் வருகிற நேரம் பார்த்துப் பயமுறுத்துகிற குரலில் கத்தாதே என்று. அவளாவது கத்தாமல் இருக்க லஞ்சம் கொடுத்தாள். நாம் எதுவுமே கொடுக்காமல் கத்து கத்து என்கிறோம்.

எந்த ஊர், எந்தத் தெரு என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள். தெரிந்தவர்களுக்கும் சொல்வதில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். இருந்தும் தீபாவளி நெருங்கினால் வடக்கே மாந்திரீக பூஜைக்கென்று ஆந்தை விற்பது நிற்கவில்லை. ஒரே பொந்தை வருஷக்கணக்கில் விடாத பறவை அது. ஒருமுறை இடம் வெளியே தெரிந்தால் தெரிந்ததுதான்.

நேற்றைய படத்தை இட்லிக்கடை அக்காவிடமும் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நைட் டூட்டி முடிஞ்சு எங்க வீட்டுக்காரரு தூங்குற மாதிரியே இருக்கு. இத என் போனுக்கு அனுப்பி விடுங்க சார்" என்றார். அனுப்பினேன். "ஆனா ராத்திரி எங்க வீட்டு மேல வந்து உக்காந்து கத்துச்சுன்னா கல்ல விட்டுத்தான் எறிவேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஈடு இட்லியைத் திறக்கப் போய்விட்டார்.