பாசி எடுக்கும் பெண்கள் குறித்து ஒரு திருத்தம்

மன்னார் வளைகுடாவின் உயிர்களைக் காப்பதில் ஆண்களுக்குத்தான் அக்கறை, கடற்பாசி எடுக்கும் பெண்கள் பவளப்பாறையை அழிக்கிறார்கள் என்று சொல்லப்படுவது தவறான கருத்து. 1986இல் 21 தீவுகளை உள்ளடக்கித் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகு, தீவோரத்து ஆழமற்ற நீரை நம்பிப் பிழைத்த பெண்களின் பிழைப்பையே கட்டுப்பாடுகள் நேரடியாகத் தொட்டன. அவர்கள் எதிர்த்தது அந்த இழப்பைத்தானே தவிர, கடலைக் காப்பதை அன்று. பாம்பன் பக்கத்துப் பெண்கள் பாறையைச் சுரண்டும் உலோகக் கருவிகளைக் கைவிட்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசி என்ற கடற்பாசி வகையைக் கையாலேயே பறிக்கிறார்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே இறங்குவது, மீன்பிடித் தடைக்காலத்தில் 45 நாள் அறவே நிறுத்திவைப்பது என்ற கட்டுப்பாடுகளையும் தாங்களே கூடி வகுத்துக்கொண்டார்கள். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் லட்சுமிக்கு, தீவுகளின் சுற்றுச்சூழலைக் காப்போருக்குத் தரப்படும் சீகாலஜி விருது 2015இல் கிடைத்ததும் இதன் பொருட்டே. பிழைப்பு பறிபோகும் அச்சத்தை அக்கறையின்மை என்று எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.