கையில் இருக்கும்போதே விற்றுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்

நியூஜெர்சியில் எங்கள் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்ட கேள்விக்கு நாலு வரியில் பதில் போட்டுப் பார்த்தேன், போதவில்லை, அதனால் இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன். பேஸ்பால் கார்டு என்பது வீரர் படம் அச்சிட்ட அட்டை, உள்ளே யார் இருப்பார் என்று தெரியாத மூடிய பாக்கெட்டில் விற்பார்கள். அவர் பையன் பிரித்த அப்படி ஒரு பாக்கெட்டில் ஒரு இளம் வீரர் கையெழுத்துப் போட்ட கார்டு வந்திருக்கிறது. இன்றைய நிலவரத்துக்குச் சில ஆயிரம் டாலர் தேறும். விற்றுவிடலாமா, பையன் காலேஜ் போகும்வரை பத்திரமாக வைத்திருக்கலாமா என்று கேட்டிருந்தார். வந்த பதில்களில் பாதிக்கு மேல் "வச்சிருங்க, இதெல்லாம் ஏறிக்கிட்டேதான் போகும்" என்ற ரகம்.

நான் விற்கச் சொல்கிறேன். வரும் சீசன் சூடு பிடிக்கும்போதே விற்கச் சொல்கிறேன்.

நம் வீடுகளில் நகையை எப்படிப் பார்க்கிறோமோ அப்படியே இந்தக் கார்டையும் பார்க்கிறோம். லாக்கரில் வைத்துவிட்டால் அது பாட்டுக்கு ஏறும் என்ற நம்பிக்கை. பவுன் விலை எந்த இருபத்திரண்டு வயசுப் பையனின் முழங்கையையும் நம்பி இல்லை. இந்தக் கார்டின் விலை அதை நம்பித்தான் இருக்கிறது.

பழைய கார்டு வேறு, இப்போது அச்சாகும் கார்டு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் பேசுவதால்தான் இத்தனை குழப்பமும். 2022 ஆகஸ்டில் டாப்ஸ் கம்பெனி 1952-ல் போட்ட, பழைய நட்சத்திர வீரர் மிக்கி மேன்டிலின் கார்டு ஒன்று 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது, அந்தச் செய்தியைத்தான் எல்லோரும் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். மேன்டில் ஆட்டத்தை விட்டது 1968 சீசனோடு. இனி அவருக்குக் காயம் படாது, ஃபார்ம் போகாது, வழக்கும் வராது. அவர் கதை எழுதி முடிந்துவிட்டது. அதோடு 1952-ல் அவர் கார்டோடு சேர்ந்து வந்த அந்த வருடக் கடைசித் தொகுப்புக் கார்டுகள் விற்காமல் கிடங்கில் தேங்கிக் கிடந்ததால், 1960 வாக்கில் அவற்றைப் படகில் ஏற்றிப்போய் எங்கள் நியூஜெர்சி கரைக்கு அப்பால் கடலில் கொட்டிவிட்டதாக டாப்ஸ் கம்பெனியில் இருந்த சை பெர்கரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்தத் தட்டுப்பாடு யாரும் திட்டம் போட்டு உண்டாக்கியது இல்லை.

இன்றைய கார்டில் தட்டுப்பாட்டையே அச்சடித்துத் தருகிறார்கள். ஒரே வீரர், ஒரே படம், பார்டர் நிறம் மட்டும் மாறும். தங்க நிறத்தில் 50 பிரதிதான், ஆரஞ்சு 25, சிவப்பு 5, கடைசியில் சூப்பர்ஃப்ராக்டர் என்ற பெயரில் ஒன்றே ஒன்று. அடுத்த மாதம் வேறு பெயரில் வேறு பெட்டி வரும், அதிலும் இதே வரிசை. உலகத்திலேயே ஒன்றுதான் என்று கார்டின் முதுகில் எழுதியிருப்பது உண்மைதான், ஆனால் அந்த வீரருக்கு அப்படி "ஒன்றே ஒன்று" எத்தனை வந்துகொண்டே இருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடவேண்டும்.

சரி, முழங்கை விஷயத்துக்கு வருகிறேன். பந்து வீச்சாளர் ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க் 2010-ல் மேஜர் லீகில், அதாவது உச்சநிலைப் போட்டிகளில், ஒரு பந்து கூடப் போடுவதற்கு முன்பே அவருடைய போமன் குரோம் (இளம் வீரர்களை வைத்து டாப்ஸ் போடும் பளபளப்பான கார்டு வரிசை) சூப்பர்ஃப்ராக்டர் 16,000 டாலருக்கு மேல் போனது. அன்றைக்கு அது பெரிய பணம். அதே வருடம் முழங்கைத் தசைநாரை மாற்றும் டாமி ஜான் அறுவை சிகிச்சை. அவர் தோற்றுப்போனவர் இல்லை என்பதைக் கவனியுங்கள், 2019 வேர்ல்ட் சீரிஸ் இறுதித் தொடரில் எம்.வி.பி., அதாவது மிகச் சிறந்த வீரர், அவர்தான். அதன் பிறகு 24.5 கோடி டாலருக்கு ஏழு வருட ஒப்பந்தம் போட்டார், அந்த ஒப்பந்தத்தில் எட்டே ஆட்டம்தான் அவரால் ஆட முடிந்தது. நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஜேசன் டொமிங்கெஸ் கதை இன்னும் விசித்திரம். 2020 போமன் கார்டு வந்தபோது அவர் பதினேழு வயசுப் பையன், கொரோனாவால் அந்த வருடம் மைனர் லீக் (மேஜர் லீகுக்குக் கீழ்நிலை) சீசனே நடக்கவில்லை, தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாதவரின் கார்டுக்கு அப்படி அடித்துக்கொண்டார்கள். 2023 செப்டம்பர் 1-ஆம் தேதி மேஜர் லீகில் அறிமுகம், முதல் தடவை மட்டை பிடித்தபோதே ஜஸ்டின் வெர்லாண்டர் பந்தில் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி), எட்டு ஆட்டத்தில் நாலு ஹோம் ரன், பத்து நாளைக்குள் முழங்கைத் தசைநார் கிழிந்துவிட்டது. வாண்டர் ஃபிராங்கோ விஷயத்தில் காயம்கூட இல்லை. டாம்பா பே அணி 2021-ல் 18.2 கோடி டாலருக்குப் பதினோரு வருட ஒப்பந்தம் போட்ட வீரர், 2023-ல் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானவர், அதே வருட ஆகஸ்டில் டொமினிக்கன் குடியரசில் அவர் மீது விசாரணை வந்தது, ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டார், கார்டு விலை நொறுங்கியது.

"அதெல்லாம் துரதிர்ஷ்டம், நல்ல வீரராகப் பார்த்து வைத்திருந்தால்?" என்று குழுவில் ஒரு அண்ணா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதற்கு மைக் ட்ரவுட்டை விட நல்ல உதாரணம் கிடையாது. 2009 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வு) இருபத்தைந்தாவதாக எடுக்கப்பட்டவர், மூன்று தடவை எம்.வி.பி., இன்றைக்கே ஓய்வு பெற்றாலும் மகத்தான வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் நிச்சயம். அவருடைய 2009 போமன் சூப்பர்ஃப்ராக்டர் ஆட்டோகிராஃபை ஒருவர் 2018-ல் நாலு லட்சம் டாலருக்கு வாங்கி, 2020 ஆகஸ்டில் 39.36 லட்சம் டாலருக்கு விற்றார். அதுவரை எந்த கார்டும் தொடாத விலை. அதற்கு அடுத்த வருடம் ட்ரவுட் கெண்டைக்கால் தசைப் பிரச்சினையால் 36 ஆட்டம்தான் ஆடினார். அப்புறம் முதுகு, கை எலும்பு, முழங்கால் என்று வரிசையாக. அவருடைய 2011 டாப்ஸ் அப்டேட் ரூக்கி கார்டு (அறிமுக வருடக் கார்டு), இந்தத் தலைமுறையிலேயே பிரபலமான கார்டு, 2021 தொடக்கத்தில் ஏறியிருந்த உயரத்திலிருந்து வெகுவாக இறங்கிவிட்டது. ட்ரவுட் மீது வைத்த நம்பிக்கை பொய்யாகவில்லை. அவர் மகத்தான வீரர்தான். ஆனால் அந்த மகத்துவத்துக்கு உண்டான காசை 2020-லேயே கொடுத்துவிட்டார்கள், அதற்கு மேல் கொடுக்க மிச்சம் இல்லை. விலையில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட நல்ல செய்தி மறுபடி வந்தால் விலை ஏறாது, கெட்ட செய்தி வந்தால் மட்டும் இறங்கும்.

2012-ல் ட்ரவுட் கார்டை விற்றவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார்களே என்றால், ஆமாம், இருப்பார்கள். அந்த 2009 செட்டில் ட்ரவுட்டோடு சேர்ந்து அச்சான மற்ற பெயர்களையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் யார் என்றே தெரியாது. அவர்களுடைய கார்டையும் "இவன் பெரிய ஆளா வருவான்" என்று யாரோ ஒரு அப்பா பத்திரப்படுத்தித்தான் வைத்திருப்பார். எண்பதுகளின் கடைசியில் அமெரிக்காவில் இது ஊர் முழுக்க நடந்தது. பிள்ளைகளின் காலேஜ் செலவுக்கு ஆகும் என்று பிரிக்காத பெட்டிகளைப் பரணில் அடுக்கினார்கள். கம்பெனிகளும் சளைக்காமல் அச்சடித்துத் தள்ளின. கென் கிரிஃபி ஜூனியர் மாதிரி சில பெயர்களைத் தவிர்த்து அந்தக் காலத்துக் கார்டுகள் பெரும்பாலும் இன்றைக்கும் அடிமாட்டு விலைக்குத்தான் போகின்றன.

எனக்கு மிகவும் பிடித்த முடிவு, பந்து வீச்சாளர் பால் ஸ்கீன்ஸ் கார்டு விஷயத்தில் ஒரு லாஸ் ஏஞ்சலிஸ் குடும்பம் எடுத்ததுதான். 2023 முதல் வீரர்கள் மேஜர் லீகில் ஆடும் முதல் ஆட்டத்தில் சட்டைக் கையில் ஒரு சின்ன பேட்ச் அணிகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் அதை எடுத்து, சான்று பார்த்து, கையெழுத்தோடு ஒரே ஒரு கார்டில் பதித்துவிடுகிறார்கள். பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் ஸ்கீன்ஸ் 2024 மே 11-ஆம் தேதி அணிந்த பேட்ச், அந்த கிறிஸ்துமஸ் அன்று 11 வயதுப் பையன் ஒருவன் பிரித்த பாக்கெட்டில் வந்தது. கார்டைத் தங்களுக்குக் கொடுத்தால் மட்டை பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் 30 வருடத்துக்கு இரண்டு சீசன் டிக்கெட் என்று பைரேட்ஸ் அணி அறிவித்திருந்தது. கையெழுத்துப் போட்ட ஜெர்சி, ஸ்கீன்ஸைச் சந்திக்கும் வாய்ப்பு, அவர்கள் மைதானத்திலேயே நண்பர்களோடு சாஃப்ட்பால் ஆட்டம் என்று பட்டியல் நீண்டது. அந்தக் குடும்பம் அதை ஏற்கவில்லை. 2025 மார்ச்சில், சீசன் தொடங்கும் சமயம் பார்த்து ஏலத்துக்கு விட்டார்கள். 11.1 லட்சம் டாலர். வாங்கியது பிட்ஸ்பர்க் பக்கத்தில் தலைமையகம் வைத்திருக்கும் டிக்ஸ் ஸ்போர்ட்டிங் குட்ஸ்.

அந்த வருடக் கடைசியில் ஸ்கீன்ஸ் சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருதை ஒரு ஓட்டுகூடக் குறையாமல் வாங்கினார். "பாத்தீங்களா, அவசரப்பட்டுட்டாங்க" என்று சொல்ல ஆள் இருக்கும். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸ்கீன்ஸ் மணிக்கு நூறு மைல் வேகத்தில் பந்து போடுபவர். அப்படிப் போடுகிறவர்களின் முழங்கை எந்த வியாழக்கிழமை மதியம் வேண்டுமானாலும் போகலாம். அது அவர் தப்பில்லை, அந்த வேலையின் தன்மை. ஒரு குடும்பத்தின் அவ்வளவு பெரிய சொத்து ஒரே ஒரு தசைநாரைப் பிடித்துத் தொங்குவதை அவர்கள் ஏன் வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டு உட்காரவேண்டும்? மார்ச்சில் தெரிந்ததை வைத்து அவர்கள் எடுத்த முடிவு சரி. நவம்பரில் என்ன நடந்தது என்பது அதைத் தப்பாக்காது.

குழுவில் கேள்வி கேட்ட நண்பருக்குப் போன் பண்ணி நான் கேட்டது ஒன்றுதான். பாக்கெட்டில் கார்டு வராமல், அந்தச் சில ஆயிரம் டாலர் ரொக்கமாக உங்கள் கையில் வந்திருந்தால், கடைக்குப் போய் இந்தக் கார்டை இந்த விலைக்கு வாங்குவீர்களா? "சேச்சே, யாராவது வாங்குவாங்களா" என்றார். பின்னே? வாங்க மாட்டேன் என்கிற விலையில் ஒன்றை விற்காமல் வைத்திருப்பது, தினமும் காலையில் எழுந்து அதே விலைக்கு வாங்குவதுதான்.

வைத்திருப்பது சும்மா இருப்பதும் இல்லை. இந்தக் குரோம் கார்டை மேஜை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போகும்போது மேலிருந்து கீழாக ஒரு மயிரிழைக் கோடு தெரியும், அச்சகத்திலேயே விழுந்தது. மூலையில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரியும். படம் இடது பக்கம் துளி ஒதுங்கியிருக்கும். கார்டின் நிலையைப் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போடும் கிரேடிங் கம்பெனியில் 10 வருமா 9 வருமா என்பதை இவ்வளவுதான் தீர்மானிக்கிறது, அந்த ஒரு எண்ணில் விலை பாதியாகிவிடும் கார்டுகள் உண்டு. உறை போடாமல் ஒரு நியூஜெர்சி கோடை முழுக்க வைத்தால் ஈரப்பதத்தில் கார்டு வில் மாதிரி வளைந்துவிடும். பெரிய தொகை என்றால் சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் முழுசாக ஈடு கொடுக்காது, தனியாக எடுக்கவேண்டியிருக்கும்.

பையன் அந்த வீரரை உயிராக நேசிக்கிறான் என்றால் மட்டும் நான் வாயைத் திறக்க மாட்டேன். நாளைக்கே இது பத்து டாலர் ஆனாலும் எனக்கு வேண்டும் என்று அவன் சொன்னால் அது அவன் கார்டு, அவன் வைத்துக்கொள்ளட்டும், அதற்குப் பிறகு யாரும் ஈபேயில் விலை பார்க்கக்கூடாது. இன்னொரு வழியும் இருக்கிறது. அதே வீரரின் சாதாரண ரூக்கி கார்டு சில டாலருக்கே கிடைக்கும். பெரியதை விற்றுவிட்டு அதை வாங்கி அவன் மேஜையில் வைக்கலாம். விற்றால் நீ உண்மையான கலெக்டர் இல்லை என்று சொல்கிறவர்களைப் பற்றிக் கவலைப்படவேண்டாம். அவர்கள் யாரும் உங்கள் வீட்டுக் காலேஜ் ஃபீஸ் கட்டப்போவதில்லை.

விற்கும்போது எங்கே விற்கிறோம் என்பது முக்கியம். கார்டு ஷோவில் மேஜை போட்டிருப்பவர் உங்கள் கண்ணெதிரே போனில் கடைசியாக விற்ற விலைகளைக் காட்டுவார், அதில் எழுபது, எண்பது சதவீதம் தருவார், அவரும் பிழைக்கவேண்டும். கையோடு காசு வேண்டும் என்பவர்களுக்கு அது சரி. ஈபேயில் நீங்களே போட்டால் கட்டணம் சுமார் 13 சதவீதம் போகும், தபால், ரிட்டர்ன் தலைவலி உங்களுடையது. வரியையும் மறந்துவிடவேண்டாம், ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்ற சேகரிப்புப் பொருளின் லாபத்துக்கு இங்கே 28 சதவீதம் வரை போகலாம், ஷேர் மார்க்கெட் லாபம் மாதிரி 15, 20-இல் நிற்காது. பாக்கெட் வாங்கிய ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள்.

இன்றைக்கே விற்கவேண்டாம். பனிக்காலத்தில் எல்லோரும் ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பேஸ்பால் கார்டு விலை சோம்பிக் கிடக்கும். மார்ச் கடைசியில் சீசன் தொடங்கும், அப்போது கார்டில் இருக்கும் அந்த வீரர் முதல் இரண்டு வாரத்தில் நாலு ஹோம் ரன் அடித்தார் என்றால் உங்கள் போன் நிற்காது. கிரேடிங் முடிந்து வர வாரக்கணக்கிலும் ஆகும், மாதக்கணக்கிலும் ஆகும். 2021 மார்ச்சில் வந்து குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் பி.எஸ்.ஏ. என்ற கிரேடிங் கம்பெனி வாசலையே மூடிய கதையும் உண்டு. அதனால் கார்டை இந்த வாரமே மென்மையான உறையில் போட்டு, கார்டு சேவர் என்கிற சற்றுக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் வைத்து கிரேடிங்குக்கு அனுப்பிவிடுங்கள். தேதி, டிராக்கிங் நம்பர் இரண்டையும் குழுவில் போடாமல் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.