பாடசாலைக்குக் கொடுக்கிறோம், அத்யாபகருக்கு?

பெங்களூரில் நம்மவர்களிடம் வேத பாடசாலைக்கு என்று கேட்டால் பணம் வந்துவிடுகிறது. அப்பா பெயரில் ஒரு அறை, சமையல்கட்டுக்கு கிரைண்டர், கோசாலைக்குக் கொட்டகை, பிறந்தநாளுக்கு ஒருவேளை போஜனச் செலவு. மல்லேஸ்வரத்திலும் ஜெயநகரிலும் எத்தனையோ குடும்பங்கள் இதை வருஷா வருஷம் சிரத்தையோடு செய்கின்றன. ஆனால் அங்கே வேதம் சொல்லிவைக்கிற ஆசிரியருக்கு, அதாவது அத்யாபகருக்கு, என்ன சம்பளம், எங்கே குடியிருக்கிறார், எத்தனை பிள்ளைகளை ஒருவராகச் சமாளிக்கிறார் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. என்னைக் கேட்டால் பாடசாலை என்பதே அந்த ஒரு மனிதர்தான்.

உறவில் ஒரு பையனைச் சேர்க்க நகரத்தின் தெற்குப் பக்கம் ஒரு பாடசாலைக்குப் போயிருந்தோம். காலைச் சந்தை, அதாவது வாயால் சொல்லித் திருப்பிச் சொல்லவைக்கும் பாடம், நடந்துகொண்டிருந்தது. அத்யாபகர் ஒருதடவை சொல்ல, பிள்ளைகள் இரண்டு தடவை திருப்பிச் சொல்கிறார்கள். கையில் புத்தகம் கிடையாது. புதிதாகச் சேர்ந்த ஒரு குட்டிப் பையனுக்கு ஸ்வரம் பிடிபடவில்லை. அவன் உச்சந்தலையில் கையை வைத்து, தாழ்ந்த ஸ்வரமான அனுதாத்தம் வந்தால் தாழ்த்தினார், ஏறின ஸ்வரமான ஸ்வரிதம் வந்தால் உயர்த்தினார். கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துவிட்டார். பையனின் தலை தானாக அசைந்தது. பக்கத்தில் ஒருவன் நெடிலைக் குறிலாக்கினான். கண்ணைத் திறக்காமலே அவன் பெயரைச் சொன்னார், அவன் திருத்திக்கொண்டான். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், பிள்ளைகளில் பாதிப் பேர் கன்னடம். அதட்டுவது தமிழில், கொஞ்சுவது அரைகுறைக் கன்னடத்தில்!

கிருஷ்ண யஜுர்வேதத்தில் தைத்திரீய சாகைக்கு (வேதத்தின் ஒரு கிளை) மட்டும் 82 பன்னம், அதாவது அத்தியாயம். சம்ஹிதை 44, பிராம்மணம் 28, ஆரண்யகம் 10. அதை முடிக்கவே பல வருஷம். பிறகு அதே சொற்களைப் பிரித்தும் கோத்தும் ஓதும் முறைகளான பதம், கிரமம், ஜடை, கனம். கனத்தில் ஒன்று-இரண்டு, இரண்டு-ஒன்று, ஒன்று-இரண்டு-மூன்று, மூன்று-இரண்டு-ஒன்று, மறுபடி ஒன்று-இரண்டு-மூன்று என்று சொற்கள் முன்னும் பின்னும் கோத்து வரும். இவ்வளவும் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போவது. யுனெஸ்கோ 2003-ல் வேத பாராயண மரபை மானுடத்தின் அரும்பெரும் வாய்மொழிச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. 2008-ல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆயிரத்துக்கும் மேல் இருந்த சாகைகளில் ஓதுவதில் மிஞ்சியவை 13 என்கிறது யுனெஸ்கோவின் குறிப்பு. சொல்லிவைக்க ஆள் இல்லாமல்தான் மற்றவை போயின.

இவ்வளவையும் சொல்லிவைக்கிற அத்யாபகர் இந்த ஊர் வாடகையில் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்? வெளியே நாலு ஹோமம், கிரகப்பிரவேசம் என்று போனாலே மாதச் சம்பளத்தைவிடக் கூடக் கிடைத்துவிடும். கனம் வரை முடித்த நல்ல கனபாடிகள் பலர் வீடுகளில் சடங்கு செய்துவைக்கும் வைதீகத்துக்கும் வெளிநாட்டுக் கோயில்களுக்கும் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மிச்சமிருப்பவர் தலையில் முப்பது பிள்ளைகள். முப்பது பேரின் ஸ்வரத்தை ஒரு காது எப்படிப் பிடிக்கும்?

ராத்திரி வேறு இருக்கிறது. எட்டு வயதில் பூணூல் போட்டுக்கொண்டு வந்த குழந்தை அம்மா ஞாபகத்தில் அழுதால், காலையில் கண்டித்தவரேதான் தேற்ற வேண்டும். ஜுரம் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பது பெரும்பாலும் அத்யாபகரின் ஆத்து மாமி. அந்த மாமிக்கு எந்தக் கணக்கிலும் ஒரு பைசா கிடையாது. பாடம் சொல்ல ஒருவர், பிள்ளைகளோடு பிள்ளையாக இருந்து பார்த்துக்கொள்ள இன்னொருவர் கட்டாயம் வேண்டும். அத்யயனம் (வேதப் படிப்பு) முடித்த பெரிய பையன் ஒருவனையே சம்பளம் கொடுத்து வைக்கலாம்.

அடித்துச் சொல்லிவைத்தால்தான் வேதம் நிற்கும் என்று சில பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். எனக்குத் துளியும் உடன்பாடில்லை. 'ஆசார்ய தேவோ பவ' என்று எல்லோரும் சொல்கிறோம். அந்த வரி வருகிற தைத்திரீய உபநிஷத்தின் சீக்ஷாவல்லியில் அதற்குக் கொஞ்சம் தள்ளி, எங்களிடம் உள்ள நல்ல நடத்தைகளை மட்டும் எடுத்துக்கொள், மற்றவற்றை வேண்டாம் என்று ஆசாரியரே சிஷ்யனுக்குச் சொல்கிறார். பிரச்னோபநிஷத்தில் ஆறு பேர் கேள்வியோடு வருகிறார்கள். ஒரு வருஷம் இருங்கள், பிறகு கேளுங்கள், எங்களுக்குத் தெரிந்தால் எல்லாம் சொல்கிறோம் என்கிறார் குருவான பிப்பலாத ரிஷி. 'தெரிந்தால்' என்று சொல்லக்கூடிய குருவிடம்தான் குழந்தையை ஒப்படைக்க எனக்குத் தைரியம் வரும். 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடுக்கிறது. 2012 திருத்தம் வேத பாடசாலைகளை அந்தச் சட்டத்துக்கு வெளியே வைத்துவிட்டது. அப்படியானால் பெற்றவர்களும் பணம் கொடுக்கிறவர்களும்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

சர்டிபிகேட் பற்றிக் கேட்பவர்களுக்கு: உஜ்ஜயினி சாந்தீபனி வேத வித்யா பிரதிஷ்டானின் வாரியம் நடத்தும் வேதபூஷண், வேதவிபூஷண் தேர்வுகள் பத்தாவது, பன்னிரண்டாவதுக்குச் சமம். அந்த வாரியத்தோடு பாடசாலை சேர்ந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம் அப்பா திதிக்கு ஒதுக்கிய தொகையை ஒரு அத்யாபகரின் வீட்டு வாடகைக்கு என்று குறிப்பிட்டே கொடுக்கப்போகிறேன். ட்ரஸ்டியிடம் பேசியாயிற்று. பொது நிதியில் போடுங்கள் என்றார், மறுத்துவிட்டேன். மாதா மாதம் ஒரு சிறு தொகை போட நாலைந்து குடும்பம் சேர்ந்தால் இரண்டாவது ஆளுக்கான சம்பளமும் வந்துவிடும். பெங்களூரில் இருக்கிறவர்கள், சேர விருப்பமிருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.