எஸ்டி மெமரி கார்டு அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள்

"200 எம்பி ஸ்பீடு கார்டுதான் போட்டிருக்கேன், அப்பவும் கேமரா நிக்குது" என்று புலம்பாத கல்யாண போட்டோகிராபர் குறைவு. அந்த 200 ரீட் ஸ்பீடு, அதாவது கார்டிலிருந்து படிக்கும் வேகம். கம்ப்யூட்டரில் காப்பி போடும்போது உதவும், அதுவும் அந்த கம்பெனியின் ரீடர் இருந்தால்தான். இந்த வகை கார்டு கேமராவோடு பேசும் யூஎச்எஸ்-1 வழியின் உச்சவரம்பே நொடிக்கு 104 எம்பி. பர்ஸ்ட் அடிக்கும்போது, அதாவது பட்டனை அழுத்திப் பிடித்துத் தொடர்ந்து எடுக்கும்போது, கேமராவுக்கு வேண்டியது ரைட் ஸ்பீடு, கார்டில் எழுதும் வேகம். அதைப் பல கம்பெனிகள் அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் போடுகின்றன, சில போடுவதே இல்லை.

சோனி ஏ7 மார்க் 3-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஸ்டு ரா (சென்சார் தரும் மூலப் படத்தைச் சுருக்கிய ஃபைல்) ஒன்று சுமார் 24 எம்பி. நொடிக்கு 10 படம் என்றால் 240 எம்பி உள்ளே வருகிறது. 90 படத்தை ஒட்டி பஃபர் (கார்டில் எழுதும்வரை படங்கள் காத்திருக்கும் கேமராவின் உள் மெமரி) நிரம்பிவிடும். அந்த 90 படமும் சேர்ந்து ஏறக்குறைய 2 ஜிபி. 75 எம்பி வேகத்தில் எழுதும் கார்டு அதை இறக்கி முடிக்க அரை நிமிடம் பிடிக்கும். தாலி கட்டும் நேரத்தில் அரை நிமிடம்!

இதில் பெரிய சிக்கல் இரண்டாவது ஸ்லாட். அந்த கேமராவில் முதல் ஸ்லாட் மட்டுமே யூஎச்எஸ்-2 என்ற வேகமான வழி; இரண்டாவது யூஎச்எஸ்-1தான். ராவை இரண்டு கார்டிலும் சேர்த்து எழுதச் சொன்னால், மெதுவான ஸ்லாட் முடிக்கும்வரை பஃபர் காலியாகாது. இரண்டுக்கும் வி90 (நொடிக்குக் குறைந்தது 90 எம்பி எழுதும் கார்டு) வாங்கிப் போடுவது என்னைக் கேட்டால் வீண் செலவு. ரெக்கார்டிங் மோடில் பிரித்து எழுதும் வசதியை வைத்து, ராவை முதல் ஸ்லாட்டுக்கும் ஜேபெக்கை இரண்டாவதுக்கும் அனுப்புங்கள். ஜேபெக் 'ஃபைன்' போதும், 'எக்ஸ்ட்ரா ஃபைன்' வேண்டாம். ராவுக்கு அச்சு அசலான பேக்கப் இருக்காதுதான். ஆனால் கார்டு ஒன்று செத்தாலும் ஆல்பம் போட ஜேபெக் கையில் இருக்கும்.

வீடியோவுக்காக வி90 தேடுபவர்களுக்கு: இதே கேமராவின் 4கே 100 மெகாபிட், அதாவது நொடிக்கு 12.5 எம்பிதான். வி30 தாராளம். சோனி ஏ7எஸ் 3-இல் 600 மெகாபிட் ஆல்-இன்ட்ரா (ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகச் சுருக்கும் முறை) போன்றவற்றை எஸ்டி கார்டில் எடுப்பவருக்குத்தான் வி90 கட்டாயம்.

நல்ல யூஎச்எஸ்-2 கார்டு திடீரென்று மந்தமானால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பின்கள் இரண்டு வரிசையாக இருக்கும். இரண்டாவது வரிசையில் அழுக்கு படிந்தால் எந்த எச்சரிக்கையும் காட்டாமல் கார்டு யூஎச்எஸ்-1 வேகத்துக்கு இறங்கிவிடும். உலர்ந்த மென்துணியால் துடைத்து, ஃபைல்களை இறக்கிய பிறகு கேமராவிலேயே ஃபார்மட் செய்து, மறுபடி ஒரு பர்ஸ்ட் அடியுங்கள். கார்டு லைட் அணைய எத்தனை நொடி ஆகிறது என்று போன் ஸ்டாப்வாட்சில் பார்த்தாலே தெரிந்துவிடும்.